பிரேக் ஷாட்: வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது?

நாகர்கோவிலில் ஒரு ஸ்நூக்கர் பார்லருக்குள் போய்ப் பாருங்கள், அங்குள்ள பூல் மேசையில் பிரேக், அதாவது அடுக்கிய பந்துகளை உடைக்கும் முதல் அடி, அடிக்கக் குனிகிறவனைச் சுற்றி நிற்கும் கூட்டாளிகள் சொல்வது ஒன்றுதான்: "ஓங்கி அடிடே மக்கா!" மொபைலில் 8 பால் பூல் ஆடிப் பழகிய கைகளுக்கும் அதே எண்ணம்தான், பிரேக் என்றால் பவரைக் கடைசி வரை இழுத்துவிட வேண்டும். பந்துகள் சிதறும் அந்தச் சத்தம் நன்றாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உலகத் தொடர்களில் ஆடுகிறவர்களின் கண்களைக் கவனித்தால், பிரேக் அடித்த கணமே அவர்கள் தேடுவது குச்சியால் அடித்த அந்த வெள்ளைப் பந்தைத்தான் என்று தெரியும். அது மேசையின் நடுவில் அடங்கி நின்றுவிட்டால் பாதி ராக், அதாவது அந்தச் சுற்றில் பாதி, முடிந்த மாதிரி.

நைன்-பால் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது பந்துகளை வைர வடிவத்தில் அடுக்குவார்கள் (இந்த அடுக்குக்கும் ராக் என்றுதான் பெயர்), முன்முனையில் 1, நடுவில் 9. மேசையில் இருப்பதிலேயே சின்ன எண் கொண்ட பந்தைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும், 9-ஐக் குழியில் போடுகிறவருக்கு அந்த ராக். பிரேக்கில் ஏதாவது ஒரு பந்து விழுந்து, வெள்ளைப் பந்து விழாமல் இருந்தால் அடித்தவரே தொடரலாம், இல்லையென்றால் எதிராளி எழுந்து வருவார். நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை, அவரும் இரண்டு பந்து போட்டுவிட்டுத் தவறவிடுவார். தொழில்முறை ஆட்டக்காரர்கள் அப்படி இல்லை, நல்ல மேசை கிடைத்தால் ஒன்றிலிருந்து ஒன்பது வரை துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். வென்றவரே அடுத்த பிரேக்கையும் அடிக்கலாம் என்ற முறை இருந்துவிட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் குச்சியைத் தொடவே வாய்ப்பு வராமல் போகலாம். 1996-ல் அமெரிக்காவின் டல்லாஸில் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் இப்படித் தொடர்ந்து 10 ராக்குகளை அடித்து முடித்து, அந்தச் சாதனைக்கென்று அறிவிக்கப்பட்டிருந்த 10 லட்சம் டாலர் பரிசுக்கு உரியவரானார். 10 முறை பிரேக், ஒவ்வொரு முறையும் ஒரு பந்தாவது குழியில், ஒவ்வொரு முறையும் அடுத்த பந்து அடிக்கத் தோதான இடத்தில். இதைக் கைபலத்தால் மட்டும் செய்ய முடியாது.

நம்ம ஊட்டி கிளப்பில் 1882-ல் விதிகள் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ஸ்நூக்கரில் கதையே வேறு. அங்கே முதல் அடியில் சிவப்புப் பந்துகளை லேசாக உரசிவிட்டு வெள்ளைப் பந்தைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள், உடைப்பதே ஆபத்து. நைன்-பாலில் உடைத்தே ஆக வேண்டும்.

சரி, மோதலுக்கு வருவோம். கேரம் ஆடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கேரமில் ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும், காயின் ஐந்தரை கிராமுக்குள்தான். கனமானது லேசானதை நேராக மோதினால், மோதிய பிறகும் முன்னால் போய்க்கொண்டே இருக்கும், அதனால்தான் ஸ்ட்ரைக்கர் காயின் பின்னாலேயே போய்க் குழியில் விழுந்து மைனஸ் வாங்கித் தருகிறது. பூல் மேசையில் எல்லாப் பந்துக்கும் ஒரே அளவு: 57.15 மில்லிமீட்டர் விட்டம், எடை 156 முதல் 170 கிராமுக்குள். சம எடையுள்ள இரண்டு பந்துகள் நேருக்கு நேர் மோதினால் வந்த பந்து தன் வேகத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் கொடுத்துவிட்டு நின்றுவிடும். பிரேக்கில் அந்த 1-ஆம் பந்துக்கு முதுகில் எட்டுப் பந்துகள் ஒட்டி நிற்கின்றன, அது தனிப் பந்தை விடக் கனமாக நடந்துகொள்கிறது, ஆகவே வெள்ளைப் பந்து கொஞ்சம் பின்னால் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்க அதற்குச் சற்று முன்சுழற்சி தேவை. பந்தின் நடுவிலோ நடுவுக்கு ஒரு இழை மேலேயோ அடித்தால், பின்னால் துள்ளிய பந்தை அந்தச் சுழற்சி பிடித்து நிறுத்திவிடும். மேசை நடுவில் பசை போட்டு ஒட்டியது மாதிரி நிற்கும் அந்தக் காட்சிக்குக் காரணம் இதுதான்.

இப்போது கொஞ்சம் கணக்கு, இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். தொழில்முறை பிரேக்கின் வேகத்தை நொடிக்கு 9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், மணிக்கு 32 கிலோமீட்டர் சொச்சம். ஒன்பது அடி மேசையில் பிரேக் கோட்டுக்கும் (பிரேக் அடிக்கும்போது வெள்ளைப் பந்தை வைக்கும் எல்லைக்கோடு) ராக்கின் முன்முனைக்கும் 127 சென்டிமீட்டர். குறி ஒரே ஒரு சென்டிமீட்டர் விலகியது என்றால், கோணத்தில் அது ஏறக்குறைய அரை டிகிரிதான். இந்த விலகலால் ராக்குக்குப் போகும் ஆற்றலில் வெறும் 3 சதவீதம்தான் குறையும், பந்துகள் சிதறுவதில் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் வெள்ளைப் பந்தின் வேகத்தில் பக்கவாட்டுப் பங்கு அதனிடமே தங்கிவிடுகிறது, அது நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல்! மேசையின் அகலமே 127 சென்டிமீட்டர். ஒரு நொடிக்குள் அது பக்கக் குஷனில், அதாவது மேசை ஓரத்து ரப்பர் விளிம்பில் இருக்கும், அங்கிருந்து வேறு எந்தப் பந்து அதை எங்கே தள்ளும், எந்தக் குழிக்குள் அனுப்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. பார்லரில் "நல்லா உடைஞ்சுது, வெள்ளை மட்டும் விழுந்துட்டு" என்று புலம்புகிறோமே, அதில் பெரும்பாலும் துரதிர்ஷ்டம் எதுவும் இல்லை, அரை டிகிரிதான்.

அதே தவறைப் பாதி வேகத்தில் செய்தால்? பக்கவாட்டு வேகம் பாதியாகும், பந்து உருண்டு போகும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கால்வாசியாகிவிடும். ஆற்றலும் அப்படித்தான் கால்வாசி ஆகும், சிதறல் குறையும். ஆக ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் குறி தாங்குகிற வேகம் எது என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. மேசை விளிம்புக்கு மேலே போக வேண்டியிருப்பதால் கியூ, அதாவது அடிக்கும் குச்சி, எப்போதும் பின்பக்கம் சற்றுத் தூக்கியே இருக்கும், அப்படி மேலிருந்து ஓங்கி அடிக்கும்போது வெள்ளைப் பந்து துணியை விட்டுக் கிளம்பித் துள்ளிக்கொண்டு போகிறது. அந்தரத்தில் இருக்கும்போது 1-ஆம் பந்தில் மோதினால் அதன் மேல்பாதியில் படும், பிறகு எழும்பி மேசைக்கு வெளியேகூடப் பறக்கும்.

அடுத்தது ராக். பந்துகள் ஒன்றோடொன்று முழுதாக ஒட்டியிருந்தால் மோதலின் விசை எல்லாவற்றுக்கும் ஒரே வழியில் போகிறது, எந்தப் பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பது ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். காகிதம் நுழையும் இடைவெளி ஒன்று இருந்தாலும் மோதல் வரிசை மாறிவிடும், திசைகளும் மாறும். இறுக்கமாக அடுக்கிய நைன்-பால் ராக்கில் ஓரத்துப் பந்து மூலைக் குழியைப் பார்த்து நேராகப் போகும் என்பது தெரிந்த விஷயம். அமெரிக்க ஆட்டக்காரர் கோரி டியூவல் 2001 யூ.எஸ். ஓப்பன் நைன்-பால் தொடரில் இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஓங்கி அடிப்பதை விட்டுவிட்டு மெதுவாக உடைத்தார், ஓரத்துப் பந்து குழிக்குப் போனது, மற்றவை அவர் எதிர்பார்த்த இடங்களில் நின்றன, பட்டமும் அவருக்கே. மெல்லிய பிளாஸ்டிக் தாள் மேல் பந்துகளை அடுக்கும் முறை வந்த பிறகு ராக் இன்னும் இறுகிப் பிரேக் இன்னும் சுலபமானது. அமைப்பாளர்கள் விடவில்லை. 1-ஆம் பந்து இருந்த புள்ளியில் 9-ஐ வைத்து ராக்கையே முன்னால் நகர்த்தினார்கள், ஓரத்துப் பந்தின் பாதை குழியை விட்டு விலகியது. சில தொடர்களில் பிரேக்கில் குறைந்தது மூன்று பந்துகளாவது குழியில் விழ வேண்டும் அல்லது பிரேக் கோட்டைத் தாண்டி வர வேண்டும் என்று சேர்த்தார்கள், மெதுவாக உடைப்பதற்கு அத்தோடு வழி அடைபட்டது. எனக்கு இந்த விதி பிடிக்கும், வேகம் குறி இரண்டையுமே இது கேட்கிறது. யூ.எஸ். ஓப்பனை ஐந்து முறை வென்று 2022-ல் உலக நைன்-பால் சாம்பியனான ஷேன் வான் போனிங் பிரேக்குக்குப் பேர்போனவர் என்றால், இந்த இரண்டும் சேர்ந்து அவரிடம் இருப்பதால்தான்.

கியூவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரேக்குக்கென்று தனிக் கியூ வைத்திருப்பார்கள், அவற்றில் சிலவற்றின் நுனி தோலுக்குப் பதில் ஃபீனாலிக் பிசின் என்ற கடினமான பிளாஸ்டிக்காக இருக்கும், கடினமான நுனி ஆற்றலைக் குறைவாக விழுங்கும்.

குமரி மாவட்டத்தில் ஆடுகிறவர்களுக்கு இன்னொன்று முக்கியம், ஈரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நமக்கு உண்டு, கடற்காற்று வருஷம் முழுக்க. மேசைத் துணியில் பெரும்பங்கு கம்பளி, அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பந்து சீக்கிரம் தளர்ந்துவிடும். பெரிய ஸ்நூக்கர் தொடர்களில் துணிக்குக் கீழே உள்ள மேசைக் கல்லுக்கு அடியில் சூடேற்றி வைத்துத் துணியைக் காயவைக்கிறார்கள். குஷனுக்குள் இருப்பதோ ரப்பர். குலசேகரம், கீரிப்பாறை பக்கம் விடியும் முன்னே பால்வெட்டி எடுக்கிறார்களே, அதே ரப்பர் பால்தான் இதற்கும் ஆதி. பச்சை ரப்பர் குளிரில் விறைக்கும், வெயிலில் பிசுபிசுக்கும். ஆரம்பகாலத்தில் இங்கிலாந்தில் குளிர் நாட்களில் குஷனைச் சூடுபடுத்திவிட்டுத்தான் ஆட வேண்டியிருந்தது. 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரி துள்ளும் குஷன் சாத்தியமானது. பிரேக்கில் ஒரு பந்து இரண்டு மூன்று குஷன்களில் பட்டுத் திரும்புவது சாதாரணம், அந்தத் துள்ளல் போய்விட்டால் எத்தனை ஓங்கி அடித்தும் பந்துகள் ராக் பக்கமே கும்பலாகக் கிடக்கும்.

அதனால் அடுத்த முறை மழைநாளில் பிரேக் சரியாக விரியவில்லை என்றால், உடனே கையை முறுக்கேற்ற வேண்டாம். ராக்கில் இடைவெளி இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். அப்புறம் பாதி வேகத்தில் அடித்து வெள்ளைப் பந்து நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள், தொடர்ந்து நின்றால் மட்டும் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், அது பக்கத்தில் ஓட ஆரம்பிக்கிற இடம்தான் இப்போதைக்கு உங்கள் எல்லை.