நீலப் பொருளாதாரம்: சொல்லும் பொருளும்

கடலைக் கெடுக்காமல் அதன் வளத்தால் வளர்வதைக் குறிக்கும் 'புளூ எகானமி'யை நாளிதழ்கள் 'நீலப் பொருளாதாரம்' என்கின்றன. மகர ஈறு கெட்டு வல்லினம் மிகும் இடம் இது. 'நீல பொருளாதாரம்' என எழுதுவது பிழை.

கடலை நீலம் என்பது நமக்குப் பழக்கம்தான். 'நீல் நிறப் பெருங்கடல் கலங்க' உள்ளே புகுந்து மீன் பிடிக்கும் பரதவர் நற்றிணை 45-ஆம் பாட்டில் வருகிறார்கள். பொருளாதாரத்தோடு நிறம் சேர்ந்ததுதான் புதிது. பெல்ஜியத் தொழில்முனைவோர் குந்தர் பவுலி 2010-இல் தம் நூலுக்கு இப்பெயரை வைத்தபோது, ஒரு தொழிலின் கழிவை இன்னொன்றுக்கு மூலப்பொருளாக்கும் உற்பத்தியையே பேசினார். கடல் அதன் மையம் அல்ல. ஐ.நா.வின் 2012 ரியோ மாநாட்டில் எல்லாரும் 'பசுமைப் பொருளாதாரம்' பேச, நிலத்தைவிடப் பலமடங்கு கடல் உடைய சிறு தீவு நாடுகள் நீலத்தை முன்வைத்தன. கடல் என்ற பொருள் இச்சொல்லில் ஊன்றியது அப்போதுதான்.

'கடல்சார் பொருளாதாரம்' வேறு. துறைமுகம், எண்ணெய்க் கிணறு, விசைப்படகு என்று கடலால் வரும் வருமானம் எல்லாம் அதில் அடங்கும். நீலப் பொருளாதாரத்துக்கோ நிபந்தனை உண்டு. உலக வங்கியின் 2017 வரையறை வளர்ச்சியோடு மக்களின் பிழைப்பையும் கடற்சூழலின் நலத்தையும் சேர்த்தே சொல்கிறது. சரக்குப் போக்குவரத்து கூடியதை மட்டும் வைத்து நீலப் பொருளாதாரம் வளர்ந்தது என்று எழுதுவது, நிபந்தனையைக் கழற்றிவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்வது.

சமூக அறிவியலாளர் கேட்பது, வளர்ச்சி யாருக்கு என்று. படகு ஏற்றி, வலை உலர்த்தி, பெண்கள் கருவாடு காயவைக்கும் மணல்வெளி பல ஊர்களில் வருவாய்ப் பதிவேட்டில் வெறும் புறம்போக்கு. பட்டா இல்லாததால் திட்ட வரைபடத்தில் அது காலியிடமாகத் தெரிகிறது. கடலும் கரையும் இப்படிக் கைமாறுவதைக் 'கடல் அபகரிப்பு' என்கிறார்கள்.

வளர்ச்சியோடு சேரும் 'சஸ்டெய்னபிள்' என்ற அடைமொழியைத் தமிழாக்குவதிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 'நீடித்த வளர்ச்சி', இலங்கையில் 'நிலைபேறான அபிவிருத்தி'. 'நீடித்த' என்றால் நெடுநாள் ஓடும் வளர்ச்சி என்றும் படும். 'பேண்தகு' என்பதே நல்லது. பேணுகிறவர் யார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கடலைப் பேணிப் பகிர்வதற்குக் கரையில் பழைய சொல் ஒன்று உண்டு: பாடு. 'படு' என்ற வினையில் பிறந்தது. 'மீன்பாடு' என்றால் வலையில் படும் மீன். பழவேற்காடு ஏரியில் பாடு என்பது இறால் கிடைக்கும் இடங்களை முறைவைத்துப் பகிரும் ஏற்பாடு. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது, முறை மாறிக்கொண்டே வரும். ஆனால் அந்த உரிமை குறிப்பிட்ட மீனவச் சமூகத்தாருக்கே உரியதாக இருந்ததால், வெளியே நின்ற பிறரோடு பூசலும் வந்திருக்கிறது.