தாத்தாவின் வாட்ச் ஏன் திடீரென்று முந்துகிறது?

தாத்தா கட்டியிருந்த எச்எம்டி ஜனதா இப்போது என் கையில். போன மாதம் அது திடீரென்று நாளுக்கு 20 நிமிடம் முந்த ஆரம்பித்தது. கீழே விழவில்லை, தண்ணீரும் படவில்லை. ராத்திரி கழற்றி ப்ளூடூத் ஸ்பீக்கர் மேலே வைத்ததுதான் வினை, உள்ளே காந்தம் இருக்கிறதே.

சாவி கொடுக்கும்போது மெயின் ஸ்பிரிங் இறுகச் சுருள்கிறது. அது விரிய விரியப் பல்சக்கரங்கள் சுற்றும். அப்படியே விட்டால் சரசரவென்று முழுதும் அவிழ்ந்துவிடும். அதை நிறுத்தி நிறுத்தி விடுவதுதான் பேலன்ஸ் வீலின் வேலை. ஊஞ்சல் மாதிரி அது ஒருமுறை போய் வந்தால் பல்சக்கரம் ஒரு பல் நகரும். ஜனதாவில் மணிக்கு 18,000 டிக், அதாவது ஒரு நாளைக்கு 4,32,000!

அந்தச் சக்கரத்தை ஒவ்வொரு தடவையும் திருப்பி இழுப்பது தலைமுடி போல மெல்லிய ஹேர் ஸ்பிரிங். காந்தம் ஏறினால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆடுகிற நீளம் குறையும், நீளம் குறைந்த ஸ்பிரிங் விறைப்பாக இழுக்கும், சக்கரம் சீக்கிரம் திரும்பும், வாட்ச் முந்தும். பயப்பட ஒன்றுமில்லை. வாட்ச் கடையில் காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசர் மேல் வைத்து மெல்ல விலக்கினார்கள், சில நொடிகளில் சரியாகிவிட்டது.

உண்மையில் பயப்பட வேண்டியது காய்ந்த எண்ணெய்க்கு. உராய்வைக் குறைக்க ஜனதாவின் உள்ளே பதித்திருக்கும் 17 கற்களும் செயற்கை மாணிக்கம்; எளிதில் தேயாது. ஆனால் அவற்றுக்குள் சுழலும் எஃகு அச்சு தேயும். எண்ணெய் காய்ந்து தூசியோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி அராவும். வெளியே வாட்ச் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை முழுதும் கழற்றிச் சுத்தம் செய்து, வாட்சுக்கென்றே உள்ள எண்ணெய் விட வேண்டும். தயவுசெய்து தையல் மிஷின் எண்ணெய் வேண்டாம், அது பரவி ஹேர் ஸ்பிரிங்கில் ஏறினால் அங்கேயும் சுருள் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் பளபளக்கும் டயலைப் பார்த்து மயங்க வேண்டாம். மறுபடி பெயின்ட் அடித்தவை நிறைய விற்கிறார்கள். பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனக் கூட்டுறவோடு 1961-இல் தொடங்கியது எச்எம்டி வாட்ச் தயாரிப்பு; எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதனால் மங்கிப்போன அசல் டயல்தான் எனக்குப் பெரிது.

சாவியைத் தினமும் காலையில், அது தானாகத் தடுக்கும் வரை மட்டும் கொடுங்கள். ஸ்பிரிங் தளரத் தளர பேலன்ஸ் வீலின் வீச்சு குறையும், நேரமும் பிசகும். காலையில் கொடுத்தால் நாம் கட்டியிருக்கும் பகல் முழுக்க அதற்கு நல்ல விசை இருக்கும்.