படம் வெட்டிவிட்ட புயல்

2015 அக்டோபரில் 'த மார்ஷியன்' படம் பார்க்க, மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போனோம். வழியெல்லாம் புகைமூட்டம். சுமத்ராவிலும் களிமந்தானிலும் காடு எரிந்த வருஷம் அது. பல மாநிலங்களில் பள்ளிக்கூடங்களையே மூடிவிட்டார்கள். பட்டப்பகலில் செம்பனை மரத்தடியில் நிழல் விழவில்லை.

படம் தொடங்குவதே ஒரு புயலில்தான். செவ்வாய்க் கிரகத்தின் காற்று ஆன்டெனாவைப் பிய்த்து, கதாநாயகனான விண்வெளி வீரன் மார்க் வாட்னி மேல் எறிகிறது, ஊர் திரும்பவேண்டிய ராக்கெட்டைச் சாய்க்கப் பார்க்கிறது. படத்துக்கு மூலமான ஆண்டி வியரின் நாவலிலும் அப்படியே. வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர் என்று கணக்கும் உண்டு. ஆனால் இது நடக்காத காரியம். காற்றின் தள்ளுவிசை அதன் அடர்த்தியையும், வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. செவ்வாயின் காற்று நம்முடையதைவிட ஏறக்குறைய 60 மடங்கு மெல்லியது. 60-இன் வர்க்கமூலம் எட்டுக்குச் சற்றுக் குறைவு. அதால் 175-ஐ வகுத்தால் 22 சொச்சம் வரும்; பூமியில் அதே தள்ளுவிசைக்கு அந்த வேகமே போதும். நம் ஊரில் மணிக்கு 22 கிலோமீட்டர் காற்று கொடியில் காயும் சேலையைப் படபடக்க வைக்கும், தோட்டத்து லய வீட்டின் கூரைத் தகரத்தைப் பெயர்க்காது. வியரே இதை ஒப்புக்கொண்டவர். ஆளை அங்கே தனியாக விட்டுவர ஒரு சாக்கு வேண்டுமே, போகட்டும்.

நாவலில் இன்னொரு புயல் வருகிறது. வாட்னி ரோவர் என்ற ஊர்தியில், செவ்வாயிலுள்ள சியாபரெல்லி பள்ளத்தை நோக்கி 3,200 கிலோமீட்டர் போகிறான். நடுவழியில் சூரியத் தகடுகள் தரும் மின்சாரம் குறைந்துகொண்டே வருகிறது. கூச்சல் இல்லை, ஆட்டம் இல்லை. செவ்வாயின் தூசி அவ்வளவு நுண்ணியது. அந்த மெல்லிய காற்றிலும் வாரக்கணக்கில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கும். புயலுக்கு விளிம்பென்று ஒன்று கண்ணில் படாது. வெளிச்சம் மெல்ல மங்கினால் கண் பழகிக்கொள்ளும்; புகைமூட்டத்தின் முதல் நாளில் நாங்களும் மழை மேகம் என்றுதான் நினைத்தோம். தகடு அப்படி ஏமாறாது. வாட்னி சில தகடுகளைத் தூரம் தூரமாக வைத்து, எது எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்று ஒப்பிட்டு, தூசி எந்தப் பக்கம் அடர்த்தி என்று கண்டுபிடித்துச் சுற்றிக்கொண்டு போகிறான். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ரிட்லி ஸ்காட்டின் படத்தில் அது கிடையாது. பொய்ப் புயலை வைத்துக்கொண்டு மெய்ப் புயலை வெட்டிவிட்டார்கள். மங்கும் வெளிச்சத்தைத் திரையில் காட்டிப் பயமுறுத்துவது கஷ்டம்தான்.

மூன்று வருஷம் கழித்து அந்தப் புயல் நிஜமாகவே வந்தது. 90 நாளைக்கென்று 2004-இல் செவ்வாயில் இறங்கி 14 வருஷம் உழைத்த நாசாவின் ஆளில்லா ரோவர் ஆப்பர்ச்சுனிட்டி, 2018 ஜூன் 10-ஆம் தேதி கடைசியாகப் பேசியது. கோளையே மூடிய தூசியில் தகடுகளுக்கு வெளிச்சம் எட்டாமல் பேட்டரி வற்றிப்போனது. காற்று அதைக் கவிழ்க்கவில்லை. அதே புயலுக்குள் நாசாவின் இன்னொரு ரோவரான கியூரியாசிட்டி தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கு மின்சாரம் வெயிலிலிருந்து வருவதில்லை, புளூட்டோனியத்தின் சூட்டிலிருந்து வருகிறது.