தென்வளைய அலைவு: இதில் 'பயன்முறை' எங்கிருந்து வந்தது?

"தெற்கு வருடாந்திரப் பயன்முறை நேர்மறையாக இருப்பதால்..." என்று தொடங்கும் ஒரு வரியைப் போன வாரம் ஒரு தமிழாக்கத்தில் படித்தேன். இதே தொடர் கண்ணில் படுவது எனக்கு மூன்றாவது முறை. மூலத்தில் இருந்தது சதர்ன் ஆன்யுலர் மோட், அதாவது அண்டார்டிகாவைச் சுற்றி ஓடும் காற்று மாறுகிற விதத்துக்கு வானிலையியலில் உள்ள பெயர். ஆன்யுலரை ஆனுவல் என்று வாசித்துவிட்டார்கள். லத்தீனில் அன்னுஸ் என்றால் ஆண்டு, ஆனுலுஸ் என்றால் மோதிரம். வளைய சூரிய கிரகணம் என்று சரியாக எழுதுகிறோமே, அதே சொல்தான் இது.

வளையம் என்பது பேருக்குப் போட்ட அடைமொழியும் இல்லை. தெற்கே 60 பாகை அட்சரேகையில் உலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாலும் நிலம் குறுக்கே வராது, கடல்தான். அந்தக் கடல்மேல் மேலைக்காற்று அண்டார்டிகாவைச் சுற்றி ஓடுகிறது. துருவப் பக்கம் காற்றழுத்தம் குறைந்து 40 பாகைப் பக்கம் கூடினால் அந்தக் காற்று வலுத்துத் துருவத்தை நோக்கி ஒதுங்கும், அது நேர்க் கட்டம். எதிர்க் கட்டத்தில் வலு குறைந்து வடக்கே விலகும். கோங், வாங் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் 40, 65 பாகைகளின் அழுத்த வேறுபாட்டை வைத்தே இதற்குக் குறியீட்டெண் வகுத்தார்கள்.

சரி, மோட்? பயன்முறை என்பது கைப்பேசிக்கு வந்த சொல். விமானப் பயன்முறை என்றால் நாம் விரலால் தொட்டு மாற்றுவது, பயன்படுத்துகிற ஆள் ஒருவர் இருக்கிறார். தென்கடல் காற்றை யார் பயன்படுத்துகிறார்கள், யார் தொட்டு மாற்றுகிறார்கள்? இங்கே மோட் என்பது காற்றுமண்டலம் தானாகவே இப்படியும் அப்படியும் மாறுகிற பாங்கு. இதற்கே அண்டார்டிக் அலைவு என்ற பெயரும் உண்டு, பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் படித்த எவருக்கும் அலைவு புரியும். அலைவு என்றால் ஒரே கால இடைவெளி வேண்டாமா என்று இயற்பியல் படித்த நண்பர் கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனால் எல் நினோவோடு சேர்த்துச் சொல்கிற தென் அலைவும் கடிகாரம் மாதிரி அடிப்பதில்லை, அதை அலைவு என்றுதானே சொல்கிறோம்.

அதற்காக வளையத்தை விட்டுவிட்டுத் 'தெற்கத்திய அலைவு' என்று சுருக்குகிறார்களே, அது இன்னும் மோசம். தென் அலைவு என்பது வானிலை ஆய்வாளர் கில்பர்ட் வாக்கர் 1920களில் பெயரிட்டது, பசிபிக்கிலுள்ள தாஹித்தித் தீவுக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டால் அளப்பது. அது வெப்பமண்டலப் பசிபிக், இது தென்துருவக் கடல். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஆஸ்திரேலிய மழையைப் பற்றி ஒரு பத்தி எழுத முடியாது, ஏனென்றால் அங்கே இரண்டுமே மழையை மாற்றுகின்றன.

எனவே தென்வளைய அலைவு. சொல்லைத் தேடுகிறவர்கள் முதலில் பொருளைத் தேட வேண்டும். கணினிச் சொற்பட்டியலில் எது முதலில் வந்ததோ அதை எடுத்து ஒட்டிவிட்டு, அப்புறம் தமிழில் அறிவியல் படித்தால் புரியவில்லை என்று தமிழ்மேல் பழி போடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.