விலங்கின் வரைபடமா, ஆள் நடந்த தடமா?

ஒரு கரடி எங்கெல்லாம் வாழக்கூடும் என்று பார்க்க மலை முழுவதையும் அலசிவிட முடியாது. அதனால் கரடி தென்பட்ட இடங்களின் ஜிபிஎஸ் புள்ளிகளை எடுத்து, அங்குள்ள மழை, வெப்பம், சரிவு, மரச்செறிவு, நீர்நிலை எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் கணினிக்குக் கொடுக்கிறோம். அதே சாயலுள்ள மற்ற இடங்களை அது தேடித் தரும். 2006-ல் வந்த ஆய்வுக் கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட மாக்ஸென்ட் என்ற மென்பொருள் இதற்குப் பெயர்போனது; விலங்கு இல்லாத இடங்களின் பட்டியல் அதற்குத் தேவையில்லை. நிலப்பரப்பில் ஆங்காங்கே எடுத்த, வழக்கமாக 10,000 பின்னணிப் புள்ளிகளோடு ஒப்பிட்டுக்கொள்ளும்.

சறுக்குவது பெரும்பாலும் புள்ளிகளில்தான். தானியங்கி கேமராக்களைச் சாலையோரமாகவே கட்டியிருந்தால், கரடிக்குச் சாலை பிடிக்கும் என்று கணினி முடிவுகட்டிவிடும். வரைபடத்தைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி என்று குறைப்பது பாதி மருந்து. அதே கணக்கெடுப்பில் பதிவான மற்ற பாலூட்டிகளின் இடங்களைப் பின்னணியாக வைத்தால், இரு பக்கமும் ஒரே சார்பு இருப்பதால் அது பெருமளவு கழிந்துபோகும். தசம இலக்கங்களையும் பாருங்கள். தீர்க்கரேகையும் அட்சரேகையும் இரண்டே தசமத்தோடு இருந்தால் அரை கிலோமீட்டருக்கு மேல் பிசகலாம்; மலையில் அது ஓடைப் பள்ளத்துப் புள்ளியை முகட்டில் கொண்டுபோய் வைத்துவிடும்.

வேர்ல்ட்கிளிம் என்ற உலகக் காலநிலைத் தரவுத்தொகுப்பு தரும் 19 காலநிலை அடுக்குகளையும் அப்படியே கொட்டுவது பலர் செய்யும் தவறு. உயரம் கூடினால் வெப்பம் குறையும். இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஒட்டுறவு, அதாவது இரண்டும் சேர்ந்து மாறும் அளவு, 0.7-ஐத் தாண்டும் ஜோடியில் ஒன்றை நீக்குவது வழக்கம். எதை நீக்குவது என்பதை விலங்கின் உணவையும் உடலியலையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

மதிப்பெண்ணிலும் மயக்கம் உண்டு. ஏயூசி என்பது விலங்கு தென்பட்ட இடங்களைப் பின்னணி இடங்களிலிருந்து எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று காட்டும் மதிப்பெண்; 1 என்றால் முழுமை. அது 0.95 வந்ததென்று மகிழுமுன், ஆய்வுப் பரப்பு எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். பாலைவனத்தையும் பனிமலையையும் உள்ளே சேர்த்தால் எந்தக் கணினி மாதிரிக்கும் மதிப்பெண் ஏறும். சோதனைப் புள்ளிகளைக் குலுக்கிப் போட்டு எடுத்தால் கணினிக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சிப் புள்ளிகளின் பக்கத்துவீட்டுப் புள்ளிகளே கிடைக்கும். நிலத்தைப் பெரிய பாளங்களாகப் பிரித்து, ஒரு பாளத்தை மொத்தமாக ஒளித்துவைத்துச் சோதிப்பதே நேர்மை.

கடைசியில் வரைபடத்தில் வரும் சிவப்புத் திட்டு, சூழல் பொருந்துகிறது என்று மட்டுமே சொல்கிறது. ஒரு திட்டுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே வேலியிட்ட நெடுஞ்சாலை ஓடினால், கரடி அங்கே போய்ச் சேருமா என்பதற்கு நகர்வுப் பாதைகளைத் தனியே கணக்கிட வேண்டும்.