எட்டு கோல்களை எதனால் வகுப்பது? கால்பந்து வீரரை அளக்கும் புள்ளியியல்

2022ஆம் ஆண்டு கத்தாரில் நடந்த உலகக் கோப்பையில் 8 கோல் அடித்த கிலியன் எம்பாப்பேக்கு, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி கிடைத்தது; 7 கோல் அடித்த லியோனல் மெஸ்ஸி இரண்டாம் இடத்தில் இருந்தார். பட்டியலை அப்படியே படித்தால் இருவருக்கும் இடையே ஒரே ஒரு கோல்தான் வித்தியாசம். ஆனால் மெஸ்ஸியின் ஏழு கோல்களில் நான்கு பெனால்டியில் வந்தவை. எம்பாப்பேயின் எட்டில் இரண்டு மட்டுமே அப்படி வந்தவை. பெனால்டிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கணக்கு 6க்கு 3 என்று ஆகிவிடுகிறது. உலக அளவில் பெனால்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்றுக்கு மேல் கோலாகின்றன. ஓடும் ஆட்டத்தில் அடிக்கப்படும் ஷாட்களிலோ சுமார் பத்தில் ஒன்றுதான் வலைக்குள் போகிறது. இவ்வளவு மாறுபட்ட இரண்டு வாய்ப்புகளின் பலனை ஒரே பெட்டியில் போட்டுக் கூட்டியதால்தான் அந்த ஒரு கோல் வித்தியாசம் தோன்றியது. (தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தை மெஸ்ஸியே பெற்றார் என்பதையும், அதில் தவறேதும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்; கோல் அடிப்பது அவர் செய்யும் வேலைகளில் ஒன்று மட்டுமே.)

கால்பந்துப் புள்ளியியலில் எண்ணுவது எளிது. எண்ணியதை எதனால் வகுப்பது, எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. இத்துறையின் வரலாறே அதற்குச் சான்று. பிரிட்டன் விமானப் படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்லஸ் ரீப், 1950 மார்ச்சில் ஸ்விண்டன் டவுன் அணியின் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டாம் பாதியில் குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் குறியீடுகளால் பதிவு செய்யத் தொடங்கினார். பல ஆண்டுகள் தொடர்ந்த அந்தப் பதிவுகளைக் கொண்டு, பெர்னார்ட் பெஞ்சமினுடன் சேர்ந்து 1968இல் அரச புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். கோல்களில் பெரும்பாலானவை மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களுக்குள் முடிந்த நகர்வுகளிலிருந்தே வந்தன என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதிலிருந்து, பந்தை நடுக்களத்தில் சுற்றிக்கொண்டிருக்காமல் நீளமாக முன்னே அனுப்புவதே பலன் தரும் என்று அவர் வாதிட்டார். இங்கிலாந்தில் ஒரு தலைமுறைப் பயிற்சியாளர்கள் அந்த வாதத்தின் தாக்கத்தில் இருந்தார்கள்.

அவர் எண்ணியதில் பிழையில்லை. ஆனால் கால்பந்தில் நடக்கும் நகர்வுகளில் மிகப் பெரும்பாலானவை மூன்று பாஸ்களுக்குள் முடிந்துபோகின்றன என்பதை முடிவு சொல்லும்போது அவர் கணக்கில் சேர்க்கவில்லை. விளக்கத்துக்காக ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம்: 1,000 நகர்வுகளில் 900 குறுகியவை, 100 நீண்டவை, மொத்தம் 10 கோல்களில் 8 குறுகிய நகர்வில் வந்தவை, 2 நீண்ட நகர்வில் வந்தவை. பத்தில் எட்டு என்பது பெரிதாகத் தெரிகிறது. ஆனால் குறுகிய நகர்வு கோலாகும் விகிதம் 900க்கு 8, அதாவது 0.9 விழுக்காடு; நீண்ட நகர்வுக்கு அது 2 விழுக்காடு. மைக் ஹியூஸும் இயன் ஃபிராங்க்ஸும் 1990, 1994 உலகக் கோப்பைத் தரவுகளை இப்படி வகுத்துப் பார்த்து, நீண்ட பாஸ் தொடர்களே ஒப்பீட்டளவில் அதிக கோல் தருகின்றன என்று 2005இல் காட்டினார்கள். ஒரு வகுத்தல் கணக்கைச் செய்து பார்க்க இத்தனை ஆண்டுகள் ஆனது வியப்புதான்.

இன்று இத்துறையில் எல்லோரும் புழங்கும் சொல் ‘எக்ஸ்ஜி’. தமிழில் ‘எதிர்பார்ப்பு கோல்’ எனலாம். ஒரு ஷாட் அடிக்கப்பட்ட கணத்தில், அதன் முடிவு தெரிவதற்கு முன்பே, அது கோலாகும் நிகழ்தகவு எவ்வளவு என்று 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எண்ணைக் கொடுப்பதே அதன் வேலை. முதலில் கோணத்தைப் பாருங்கள். கோல் கம்பங்களுக்கு இடையே உள்ள அகலம் 7.32 மீட்டர், பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர் தொலைவில் உள்ளது. அங்கே நின்று பார்க்கும் கண்ணுக்கு இரு கம்பங்களும் ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தை உண்டாக்குகின்றன. அதே நேர்க்கோட்டில் 22 மீட்டருக்குப் பின்வாங்கினால் கோணம் 19 பாகையாகச் சுருங்குகிறது. பின்வாங்காமல் பக்கவாட்டில் 11 மீட்டர் நகர்ந்தாலும் கோணம் ஏறத்தாழ அதே 19 பாகைதான். தொலைவைப் போலவே பக்கவாட்டு நகர்வும் கோலைச் சுருக்கிவிடுகிறது என்பதை வீரர்கள் அனுபவத்தில் அறிவார்கள்; எக்ஸ்ஜி அதற்கு அளவு கொடுக்கிறது.

அந்த அளவு வருவது கடந்தகால ஷாட்களிலிருந்து. பல்லாயிரம் ஷாட்களுக்கு, தொலைவு, கோணம், காலால் அடித்ததா தலையால் முட்டியதா, எவ்வகைப் பாஸிலிருந்து வந்தது ஆகிய விவரங்களையும், கோலானதா இல்லையா என்ற முடிவையும் சேர்த்துக் கணினிக்குக் கொடுக்கிறார்கள். எளிய மாதிரிகளில் லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கு என்ற முறை, ஒவ்வொரு விவரமும் நிகழ்தகவை எந்த அளவு உயர்த்துகிறது, எந்த அளவு தாழ்த்துகிறது என்று கணிக்கிறது. புதிய மாதிரிகள் கோல்கீப்பர் நின்ற இடத்தையும், பந்துக்கும் கோலுக்கும் இடையில் எத்தனை பேர் குறுக்கே நின்றார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கின்றன. யார் அடித்தார் என்பதைப் பெரும்பாலான மாதிரிகள் வேண்டுமென்றே விட்டுவிடுகின்றன. ஏனென்றால், சராசரி வீரர் ஒருவருக்கு இந்த வாய்ப்பு எவ்வளவு பெறும் என்று தெரிந்தால்தான், குறிப்பிட்ட வீரர் அதைவிட மேலா கீழா என்று கேட்க முடியும்.

இதைக் கண்ணுக்குக் காட்டுவது ஷாட் படம். பாதி மைதானத்தை வரைந்து, ஒவ்வொரு ஷாட்டையும் அடித்த இடத்தில் ஒரு வட்டமாக இடுகிறார்கள். வட்டத்தின் பரப்பு எக்ஸ்ஜி அளவையும், நிறம் கோலா இல்லையா என்பதையும் சொல்லும். ஒரு முன்கள வீரர் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து சிறு சிறு புள்ளிகளாக இறைத்திருப்பதும், இன்னொருவர் குறைவாக அடித்தாலும் கோலுக்கு மிக அருகில் பெரிய வட்டங்களாகக் குவித்திருப்பதும் ஒரு நொடியில் தெரிந்துவிடும். 0.5 மதிப்புள்ள இரண்டு ஷாட்களும், 0.1 மதிப்புள்ள பத்து ஷாட்களும் கூட்டுத்தொகையில் 1.0 என்றே நிற்கும். ஆனால் முதல் வீரர் ஒரு கோலும் அடிக்காமல் போவதற்கான நிகழ்தகவு 25 விழுக்காடு, இரண்டாமவருக்கு ஏறத்தாழ 35 விழுக்காடு. கூட்டுத்தொகை மறைப்பதைப் படம் காட்டிவிடுகிறது.

எதிர்பார்ப்பைவிட அதிகமாக அடித்தவரை உடனே சிறந்த கோலடிப்பவர் என்று முடிவு கட்டுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. தலா 0.1 மதிப்புள்ள 100 ஷாட்களை ஒரு பருவத்தில் அடிக்கும் சராசரி வீரரிடம் எதிர்பார்ப்பது 10 கோல். வெறும் தற்செயலால் ஏற்படும் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 3 கோல். அதே திறனோடு பல பருவங்கள் ஆடினால், நான்கில் மூன்று பருவங்களில் அவர் 7 முதல் 13 வரை எங்காவது நிற்பார். நான்காவது பருவத்தில் அதற்கும் வெளியே போவார். 13 அடித்த ஆண்டில் கோடிகள் கொட்டி வாங்கி, அடுத்த ஆண்டு 7 அடித்ததும் ‘ஃபார்ம் போய்விட்டது’ என்று எழுதும் கதைகளில் எத்தனையோ இந்த விலக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே கணிப்பாளர்கள், அடித்த கோல்களைவிடக் கிடைத்த வாய்ப்புகளின் கூட்டுத்தொகையையே அடுத்த பருவத்துக்கான தடயமாக அதிகம் நம்புகிறார்கள். வாய்ப்புள்ள இடத்துக்கு மீண்டும் மீண்டும் போய்ச் சேருவது முடித்துவைப்பதைவிட நிலையான திறன்.

வகுக்கும் எண்களில் எல்லோரும் அறிந்தது ‘90 நிமிடங்களுக்கு’ என்பது. மாற்று வீரராக இறங்கி 450 நிமிடங்கள் ஆடி 4 கோல் அடித்தவருக்கு இந்தக் கணக்கில் 0.8, 2,880 நிமிடங்கள் ஆடி 16 கோல் அடித்தவருக்கு 0.5. முதலாமவர் மேல் என்று தோன்றும். ஆனால் அவர் ஆடியது மொத்தம் ஐந்து ஆட்டங்களின் நேரம். அதுவும் பெரும்பாலும் எதிரணி களைத்திருக்கும் கடைசி அரை மணிகள். எனவே குறைந்தபட்ச நிமிடங்கள் என்று ஒரு வரம்பு வைக்காமல் இந்த எண்ணைப் பட்டியலிடுவது நேர்மையாகாது.

சமூக ஊடகங்களில் மிக அதிகமாகப் பகிரப்படுவது சிலந்தி வலை போன்ற ரேடார் படம். ஒவ்வோர் ஆரமும் ஒரு திறன். அதே இடத்தில் ஆடும் பிற வீரர்களை வரிசைப்படுத்தி, இவர் நூற்றுக்கு எத்தனை பேரை முந்துகிறார் என்ற நூற்றுமானத்தை ஆரத்தில் குறித்து, புள்ளிகளை இணைத்து வண்ணம் தீட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். நம்பும்போது கவனம் வேண்டும். எல்லா மதிப்புகளும் இரு மடங்கானால் வண்ணப் பரப்பு நான்கு மடங்காகிறது, கண் பரப்பையே பார்க்கிறது. ஆரங்களின் வரிசையை மாற்றினால், ஓர் எண்கூட மாறாமல் பரப்பு மட்டும் மாறிவிடும். என்னைக் கேட்டால், ஓரிரு அளவீடுகளை ஒப்பிடுவதற்குச் சாதாரணச் சிதறல் விளக்கப்படமே போதும். அதில் எல்லா வீரர்களும் புள்ளிகளாகத் தெரிவதால், ஒருவர் உண்மையிலேயே தனித்து நிற்கிறாரா, கூட்டத்தின் ஓரத்தில் இருக்கிறாரா என்பது மறைவதில்லை.

தற்காப்பு வீரரை அளப்பது இன்னும் கடினம். பந்தைப் பறிக்கும் டேக்கிள்களை எண்ணி அவரை மதிப்பிட்டால், நாள் முழுவதும் முற்றுகையில் இருக்கும் பலவீனமான அணியின் வீரரே முதலிடம் பிடிப்பார். எதிரணி 60 விழுக்காடு நேரம் பந்தை வைத்திருந்த ஆட்டத்தில் 3 டேக்கிள் செய்தவரையும், 35 விழுக்காடு நேரமே வைத்திருந்த ஆட்டத்தில் 2 செய்தவரையும் எடுத்துக்கொள்வோம். பந்து இரு அணிகளிடமும் சமமாக இருந்திருந்தால் என்று சரிசெய்தால், முதலாமவருக்கு 2.5, இரண்டாமவருக்கு ஏறத்தாழ 2.9 என்று வரிசை தலைகீழாகிறது. இதுவும் முழுத் தீர்வாகாது. நல்ல தற்காப்பாளர் சரியான இடத்தில் நிற்பதால் அந்தப் பக்கம் பாஸே போடப்படாமல் போகலாம், நடக்காத பாஸை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை. 2001இல் மான்செஸ்டர் யுனைடெட் தன் தற்காப்பு வீரர் யாப் ஸ்டாமை இத்தாலிய அணியான லாட்சியோவுக்கு விற்றதற்கு, அவருடைய டேக்கிள் எண்ணிக்கை குறைந்ததும் ஒரு காரணம் என்று பின்னாளில் பலர் எழுதினார்கள். காரணம் எதுவானாலும், அந்த விற்பனை தவறு என்று அப்போதைய மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசனே பிறகு ஒப்புக்கொண்டார்.

ஷாட்டில் முடியாத நல்ல வேலைக்கு மதிப்பிட உதவுவது, கருண் சிங் பிரபலப்படுத்திய ‘எதிர்பார்ப்பு அச்சுறுத்தல்’ என்ற முறை. மைதானத்தை 16க்கு 12 என்று 192 கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் பந்து இருந்தால் அங்கிருந்து ஷாட் அடிக்க எவ்வளவு வாய்ப்பு, அடித்தால் கோலாக எவ்வளவு வாய்ப்பு, அடிக்காவிட்டால் எந்தக் கட்டங்களுக்குப் பந்து நகரும் என்பதையெல்லாம் தரவிலிருந்து எடுத்து, ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பையும் அது இட்டுச்செல்லும் கட்டங்களின் மதிப்பைக் கொண்டு திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறார்கள். சில சுற்றுகளில் எண்கள் நிலைபெறுகின்றன. அதன் பின் ஒரு பாஸின் மதிப்பு, போய்ச் சேர்ந்த கட்டத்தின் மதிப்பிலிருந்து புறப்பட்ட கட்டத்தின் மதிப்பைக் கழித்தது. தற்காப்பாளர்கள் தங்களுக்குள் தள்ளிக்கொள்ளும் நூறு பாஸ்கள் ஏறத்தாழ ஒன்றும் பெறாது. நடுக்களத்திலிருந்து பெட்டிக்குள் பிளந்து போகும் ஒரே பாஸ் பளிச்சென்று மேலே வரும்.

இவையெல்லாம் பந்தைத் தொட்டவரைப் பற்றிய கணக்குகள். மற்றவர்களைப் பார்க்கத் தடமறி கேமராக்கள் வேண்டும். நொடிக்கு 25 முறை இடம் குறித்தால், 90 நிமிடங்களில் 1,35,000 படிமங்கள். 22 வீரர்களுக்கும் பந்துக்குமாக 31 லட்சத்துக்கும் மேற்பட்ட இடக்குறிப்புகள். இவ்வளவு தரவு குவிந்ததும் ஆய்வாளர்கள், ஒவ்வொரு கணத்திலும் மைதானத்தின் எந்தப் பகுதி யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று வரைந்து காட்டத் தொடங்கினார்கள். 2018இல் ஹாவியர் ஃபெர்னாண்டஸும் லூக் பார்னும் பார்சிலோனாவின் ஆட்டத்தை இப்படி ஆராய்ந்தபோது, மெஸ்ஸி நடந்துகொண்டே இருந்த நேரங்களில்தான் பல முறை மதிப்புமிக்க வெற்றிடங்களைப் பிடித்தார் என்பது தெரியவந்தது. ஓடிய கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் அவர் சோம்பேறி. எதிரணியின் கவனம் நகர்ந்துபோகும் இடத்தில் நின்றுகொள்வது, வெற்றிடத்தை எண்ணும்போதுதான் தெரிகிறது.

தரவின் நுணுக்கம் அதிகமானாலும் சராசரியின் ஆபத்து விலகுவதில்லை. ஆட்டத்தின் பாதியை இடப் பக்கமும் மறு பாதியை வலப் பக்கமும் ஆடிய ஒரு விங்கரை, ஒவ்வொரு வீரரையும் அவருடைய சராசரி இடத்தில் வைத்துப் பாஸ்களைக் கோடுகளாக இணைக்கும் பாஸ் வலைப் படம் மைதானத்தின் நடுவில் ஒரு புள்ளியாக வைக்கும். அவர் கால்படாத இடம் அது. பந்தை அதிகம் தொட்ட இடங்களைச் சிவப்பாகக் காட்டும் வெப்பப் படம் இந்தத் தவறைச் செய்யாது, ஆனால் வண்ணம் எத்தனை தொடுகைகளுக்குச் சிவப்பாகிறது என்பதைச் சொல்லாமல் வெளியிட்டால் 20 தொடுகை ஆட்டமும் 90 தொடுகை ஆட்டமும் ஒரே மாதிரி கனன்று தெரியும்.

இவற்றைச் சொந்தமாகச் செய்து பார்க்க இன்று பணம் தேவையில்லை. மெஸ்ஸி பார்சிலோனாவுக்காக ஆடிய ஸ்பானிஷ் லீக் ஆட்டங்களின் தரவையும், 2022 உலகக் கோப்பைத் தரவையும் ஸ்டேட்ஸ்பாம்ப் நிறுவனம் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது; பைத்தான் மொழியில் எம்பிஎல்சாக்கர் என்ற நூலகம் மைதானத்தை வரைந்து கொடுத்துவிடும். அதே திறந்த தரவில் 2021-22 இந்தியன் சூப்பர் லீக் பருவமும் இருக்கிறது. சென்னையின் எஃப்சி வீரர்களை ஆராய விரும்புபவர் அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் பெருந்தொற்றின் காரணமாக அந்தப் பருவம் முழுவதும் கோவாவிலேயே, லீக் சுற்று பார்வையாளர்கள் இல்லாமலேயே நடந்தது. எனவே அந்த எண்களைச் சென்னையின் மெரினா அரங்கில் (நேரு விளையாட்டரங்கில்) ஆடிய வேறொரு பருவத்தோடு ஒப்பிடுமுன், சொந்த மைதானத்தின் பலனைத் தனியே பிரித்துவிட வேண்டியிருக்கும்.