தடித்த எழுத்து இல்லாத அறிக்கை

மாரடைப்பு வந்து, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தி இரண்டாண்டுகள் ஆன 58 வயதுக்காரர் ஒருவர், ரத்தப் பரிசோதனை அறிக்கையை என் மேசையில் வைத்து, "எல்லாம் நார்மலாக வந்துவிட்டது டாக்டர், அதனால் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்றார். 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். அவருக்கு டெசிலிட்டருக்கு 98 மில்லிகிராம். 100-க்குள் இருந்ததால் ஆய்வகம் அதைத் தடித்த எழுத்தில் அச்சிடவில்லை. அந்த 98 மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்த எண் என்பதும், ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு அதுவே அதிகம் என்பதும் அறிக்கையில் எங்கும் இல்லை. அவரைப் போன்றவர்களுக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழ் இருக்க வேண்டும். 2019-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் 55-க்குக் கீழ் என்கிறது.

அறிக்கையின் ஓரத்தில் அச்சிடப்படும் 'இயல்பான அளவு' எல்லோருக்கும் பொதுவானது. நம் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் என எதையும் அது கணக்கில் கொள்வதில்லை. வேறு எந்த ஆபத்தும் இல்லாத 30 வயதுக்காரருக்கு 125 என்ற எல்.டி.எல். பெரும்பாலும் நடையையும் உணவையும் சீர்படுத்தச் சொல்லும் எண். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிக்கோ அதே எண் மாத்திரையைத் தொடங்கச் சொல்லும்.

கொலஸ்ட்ரால் ரத்தத்தில் கரையாது என்பதால் புரதத் துகள்களில் ஏறித்தான் பயணிக்கிறது. எல்.டி.எல். துகள்கள் ரத்தக்குழாயின் உட்சுவருக்குள் புகுந்து ஆண்டுக்கணக்கில் படிந்து திட்டாகின்றன. அந்தத் திட்டு ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும்போது மாரடைப்பு நேர்கிறது. ஆகவே எண் எவ்வளவு என்பதோடு, எத்தனை ஆண்டுகளாக அப்படி இருக்கிறது என்பதும் முக்கியம்.

பலர் முதலில் பார்ப்பது மொத்தக் கொலஸ்ட்ராலை. என்னைக் கேட்டால் அறிக்கையில் மிகக் குறைவாகப் பயன்படும் எண் அதுதான். மொத்தம் 215, 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல். 75 உள்ள ஒருவர் பயந்து வருகிறார். மொத்தம் 190, எச்.டி.எல். 32 உள்ளவர் நிம்மதியாக இருக்கிறார். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்துப் பாருங்கள்: முதலாமவருக்கு 140, இரண்டாமவருக்கு 158. குழாயில் படியக்கூடிய துகள்கள் அனைத்தும் சுமக்கும் கொலஸ்ட்ரால் இந்தக் கழித்த எண்ணில் அடங்கும். பொதுவாக இதன் இலக்கு எல்.டி.எல். இலக்கைவிட 30 கூடுதல். எச்.டி.எல்.-ஐ அந்தப் பெயரில் கொண்டாடுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அதை மருந்தால் உயர்த்திப் பார்த்த பெரிய ஆய்வுகள் பலவற்றில் மாரடைப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை.

இன்னொன்று: பல அறிக்கைகளில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதே இல்லை. 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரப்படி, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும், ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதப்படுகிறது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது வெறும் வயிற்றில் மீண்டும் பார்க்க வேண்டும். மற்றபடி, பெரும்பாலானோருக்குப் பட்டினி கிடந்து ரத்தம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டிரைகிளிசரைடு 500-க்கு மேல் என்றால் இதயத்தோடு கணையத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டும்.

எல்.டி.எல். 190 அல்லது அதற்கு மேல் என்றால் உணவைக் குறை சொல்வதற்கு முன் குடும்பத்தை விசாரிப்பேன், ஏனெனில் அது பரம்பரையாக வருவதாக இருக்கலாம். அப்படியானால் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தைராய்டு குறைபாட்டிலும் எல்.டி.எல். ஏறும் என்பதால் அதையும் பார்த்துவிடுவது நல்லது. மாறாக, கடும் காய்ச்சலுக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிந்தைய வாரங்களில் எடுக்கும் அளவு, உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும்.

அந்த 58 வயதுக்காரருக்கு ஸ்டேட்டின் மாத்திரையைச் சற்று உயர்ந்த அளவில் மீண்டும் தொடங்கி, ரத்தம் எடுக்கும் நாளில் என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை அறிக்கையிலேயே குறித்துவைக்கச் சொன்னேன். எட்டு வாரம் கழித்து அவர் கொண்டுவந்த தாளில் 61 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், மாத்திரையின் பெயரும் அளவும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன.